ஈ-டைப்பின் குறைகள் எங்கிருந்து வந்தன?

கேள்வி இதுதான்: "ஜாகுவார் ஈ-டைப்பை உலகின் மிக அழகான கார் என்கிறார்கள். அதைப் பற்றிப் படிக்கப் போனால் ஓவர்ஹீட், ஆயில் கசிவு, கரகரக்கும் கியர், துரு என்று ஒரே புகார். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாமே இப்படித்தானா? அப்படியென்றால் அவை மோசமாகச் செய்த கார்கள்தானே? இன்று புதுப்பிக்கிறவர்கள் இந்தக் குறைகளை மொத்தமாக நீக்கிவிட்டால் என்ன?"

மோசமாகச் செய்த இடங்கள் நிச்சயம் உண்டு. ஆனால் இந்தக் கார்களின் குறைகளில் பெரும்பகுதி கவனக்குறைவால் வந்தவை அல்ல. யாரோ ஒருவர் தெரிந்தே எடுத்த முடிவுக்குக் கொடுத்த விலை அவை. அந்த முடிவு என்ன என்று புரியாமல் குறையை மட்டும் நீக்கப் போனால், அதோடு சேர்த்து வேறொன்றையும் நீக்கிவிடுவோம். நீங்கள் ஈ-டைப்பைக் கேட்டிருப்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன். இடையில் வேறு சில கார்களும் வரும்.

முதலில் பணக் கணக்கு. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஈ-டைப் அறிமுகமானபோது பிரிட்டனில் அதன் விலை ஏறக்குறைய 2,100 பவுண்டு. ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 அப்போது சுமார் 4,000 பவுண்டு. பாதி விலையில் ஜாகுவார் கொடுத்தது என்னென்ன என்று பாருங்கள்: 3.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 265 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பின்பக்கம் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன். இவ்வளவையும் அந்த விலைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் எங்காவது மிச்சம் பிடித்தாக வேண்டும். நிறுவனர் வில்லியம் லையன்ஸ் செலவுக் கணக்கில் மிகக் கறாரானவர். எஞ்சின் 1948-இல் ஜாகுவாரின் முந்தைய ஸ்போர்ட்ஸ் காரான எக்ஸ்கே120-க்காக வந்தது, அதன் செலவு எப்போதோ மீண்டுவிட்டது. கியர்பாக்ஸும் பழையதுதான். மிச்சம் பிடித்த இடம் அங்கேதான் தெரிந்தது.

மோஸ் எனப்படும் அந்தக் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது சேர வேண்டிய கியர்களின் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு, கிடையாது. சிக்னலில் நின்றுவிட்டு முதல் கியர் போட்டால் கரகரவென்று சத்தம் வரும். அதனால் பழகியவர்கள் முதலில் இரண்டாம் கியரைத் தொட்டு, உள்ளே சுழல்வதை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் முதல் கியருக்குத் தள்ளுவார்கள். மற்ற கியர்களும் அவசரப்பட்டால் விழாது. எஞ்சின் துடித்துக்கொண்டு முன்னே இழுக்க, கை மட்டும் காத்திருக்க வேண்டும். 1964-இல் 4.2 லிட்டர் மாடல் வந்தபோது நான்கு கியருக்கும் சிங்க்ரோ உள்ள பெட்டியை ஜாகுவாரே செய்து போட்டது. அதோடு நல்ல சீட்டும் பிரேக் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் நல்ல சர்வோவும் வந்தன. மூன்று வருடத்தில் திருத்த முடிந்திருக்கிறது என்றால் அது தொழில்நுட்பம் தெரியாததால் வந்த குறை இல்லை. விலைக்காகத் தள்ளிப்போட்ட வேலை. இதைக் குறை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

முதல் வருடக் கார்களில் தரை தட்டையாக இருந்தது. கொஞ்சம் உயரமானவர் உட்கார்ந்தால் காலை நீட்ட இடமில்லை, முழங்கால் ஸ்டியரிங்கை இடிக்கும். 1962-இல் கால் வைக்கும் இடத்தில் தரையைப் பள்ளமாக்கினார்கள். பானெட்டைத் திறக்க முதல் ஐந்நூறு கார்களில் வெளியே இருந்து தனிச் சாவி போட வேண்டும், அதையும் சீக்கிரமே உள்ளே மாற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால், இன்று இந்தத் தட்டைத் தரை, வெளிப்பூட்டுக் கார்களுக்குத்தான் அதிக மதிப்பு. திருத்தப்படாத குறை அடையாளமாகிவிட்டது.

இப்போது வடிவத்துக்கு வருவோம், ஏனென்றால் ஈ-டைப்பின் மிகப் பெரிய தலைவலி அதன் அழகிலிருந்தே வந்தது.

அந்த வடிவத்தை வகுத்தவர் மால்கம் சேயர். தன்னை ஸ்டைலிஸ்ட் என்று யாராவது சொன்னால் பிடிக்காதவர். பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த காற்றியக்க நிபுணர். 1955, 56, 57 மூன்று வருடமும் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த ஜாகுவார் பந்தயக் கார் டி-டைப்பின் உடல் அவருடையதுதான். வளைவுகளைக் கணக்குப் போட்டுப் புள்ளிபுள்ளியாகக் குறித்து இழுக்கிறவர். பந்தயக் காருக்கு முகப்பில் காற்று நுழையும் வாய் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. அது ஓடிக்கொண்டே இருக்கும், காற்று தானாகப் போய் ரேடியேட்டரில் அடிக்கும். அதே சிறிய நீள்வட்ட வாயைத் தெருவில் ஓடும் காருக்கும் வைத்தார். வெயில் நாளில் நெரிசலில் நின்றால் என்ன ஆகும்? நீண்ட பானெட்டுக்கு அடியில் பெரிய இரும்பு எஞ்சின். முன்னால் ஒரே ஒரு மின்விசிறி. அந்த விசிறியை இயக்குவது ஒரு வெப்ப ஸ்விட்ச், மின்சாரம் தருவது அந்தக் காலத்து டைனமோ. நிற்கும்போது டைனமோ கொடுப்பது கொஞ்சம், அந்தச் சமயத்தில்தான் விசிறிக்கு அதிகம் தேவை. வெப்பமானி முள் மெல்ல ஏறும்.

1968-இல் இரண்டாம் சீரிஸ் வந்தபோது ஜாகுவார் அந்த வாயைப் பெரிதாக்கி, இரண்டு விசிறிகள் போட்டது. ஓவர்ஹீட் பெரிதும் குறைந்தது. அதே சமயம் ஹெட்லைட்டை மூடியிருந்த சாய்ந்த கண்ணாடியும் போயிருந்தது. அமெரிக்கச் சட்டத்துக்காக அதை ஒரு வருடம் முன்பே எடுத்துவிட்டார்கள். சாய்ந்த கண்ணாடி வழியாக வெளிச்சம் சிதறும், உள்ளே ஈரம் கோக்கும். எனவே இரவில் ஓட்டுகிறவருக்கு இரண்டாம் சீரிஸ்தான் நல்ல கார். ஆனால் இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். முதல் சீரிஸின் முகத்தில் இருந்த அந்தக் கூர்மை இரண்டாவதில் இல்லை. குறை போனது, முகமும் போனது. யாரும் இதில் தவறு செய்யவில்லை, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மணிக்கு 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர் என்று விளம்பரம். பத்திரிகைகள் ஓட்டிப் பார்த்த கார்கள் அதைத் தொட்டன, ஆனால் அவை தொழிற்சாலை அக்கறையோடு தயார்செய்து கொடுத்தவை. ஷோரூமில் வாங்கிய கார் அந்த வேகத்துக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றது. கண்ணுக்கு எவ்வளவு வழுவழுப்பாகத் தெரிந்தாலும், அதிவேகத்தில் அந்த மூக்கு லேசாகத் தூக்கும். தூக்குவிசையைப் பற்றிய அறிவு அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது.

பின்பக்க பிரேக்கைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். மெக்கானிக்குகள் அதிகம் திட்டுவது அதைத்தான். ஆனால் ஜாகுவார் பொறியாளர் பாப் நைட் வடிவமைத்த அந்தப் பின் சஸ்பென்ஷன் உண்மையில் ஒரு சாதனை. அச்சுத் தண்டு சக்கரத்தைச் சுழற்றுவதோடு சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது, அதனால் தனியாக ஒரு கை தேவையில்லை. பிரேக் டிஸ்க்குகளைச் சக்கரத்தில் வைக்காமல் உள்ளே, இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி வைத்தார்கள். சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைந்தது. கரடுமுரடான சாலையிலும் கார் பதமாக ஓடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, காருக்கு அடியில் போனால் தெரிவது என்ன? டிஸ்க் இருக்கும் இடத்தில் காற்றோட்டம் குறைவு. மலைச்சாலையில் நாலு தடவை பலமாக பிரேக் போட்டால் டிஸ்க் கொதிக்கும். அந்தச் சூடு நேராக டிஃபரன்ஷியலின் வெளித்தண்டுக்குப் போகும். அங்கே இருக்கும் ஆயில் சீல் கெட்டிப்பட்டு வெடிக்கும். கசியும் ஆயில் எங்கே போய் விழும்? பக்கத்திலேயே இருக்கும் டிஸ்க்கின் மேல். ஆக, பிரேக் சூடு சீலைக் கெடுக்கிறது, கெட்ட சீல் பிரேக்கைக் கெடுக்கிறது. சரிசெய்யப் போனால் டிஸ்க்கைத் தனியாகக் கழற்ற வழியில்லை. பின்பக்க சட்டத்தையே மொத்தமாக இறக்க வேண்டும். பேட் மாற்றுவதை மட்டும் கீழே படுத்துக்கொண்டு, விரல் நுனியால் தடவிச் செய்துவிடலாம். பராமரிக்கும் ஆளை இந்த வடிவமைப்பு நினைத்தே பார்க்கவில்லை. கிளட்ச்சும் அப்படித்தான். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வெளியே தூக்கினால்தான் கிளட்ச் பிளேட்டைத் தொட முடியும்.

பட்டறைக்காரர்களின் கோபம் நியாயமானது. ஆனால் டிஸ்க்கை வெளியே சக்கரத்துக்கு மாற்றும் கிட் ஒன்றைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. சக்கரத்தின் எடை கூடும், ஓட்டத்தின் பதம் மாறும். நல்ல சீல், காலத்துக்குக் காலம் ஆயில் பார்ப்பது, டிஸ்க்குக்குக் காற்று போக ஒரு சிறிய குழாய்: இவ்வளவு போதும்.

இனி உடல் கட்டுமானம். நடுப்பகுதி தகரத்தால் ஆன பெட்டி. அதன் முன்சுவரில் ரெனால்ட்ஸ் 541 என்ற மெல்லிய எஃகுச் சதுரக் குழாய்களால் ஆன சட்டத்தை போல்ட் போட்டு மாட்டி, எஞ்சினை அதில் உட்கார வைத்தார்கள். டி-டைப்பிலிருந்து வந்த யோசனை. பந்தயக் காருக்கு ஆயுள் ஒரு சீசன், வீட்டுக் கார் பத்து வருடம் மழையில் நிற்கும். அந்தக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே சுவர் காகிதமாகியிருக்கும். கதவுக்குக் கீழே நீளவாக்கில் போகும் சில் என்ற பெட்டிகளுக்கும் இதே கதி. உள்பக்கம் துருத் தடுப்பு எதுவும் பூசாமலே தொழிற்சாலையிலிருந்து அனுப்பினார்கள். கூரை இல்லாத மாடலில் காரின் விறைப்பைத் தாங்குவதே அந்த சில்தான். இதற்கு எந்த மன்னிப்பும் கிடையாது. வடிவத்துக்காகவும் வேகத்துக்காகவும் கொடுத்த விலை இல்லை இது, வெறும் அலட்சியம். அந்தக் காலத்தில் பெரும்பாலான கம்பெனிகள் அப்படித்தான் இருந்தன என்பது விளக்கம்தான், சமாதானம் ஆகாது.

வாங்கப் போகிறவருக்கு ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். கூரை இல்லாத காரில் கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பாருங்கள். மேலே நெருங்கி, கீழே அகன்று இருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. கதவைத் திறந்து மூடும்போது மேல் முனை உரசும். பழைய சில்லை வெட்டி எடுக்கும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்காமல் வேலை செய்திருந்தால், புது சில்லுக்குள்ளேயே அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும். அப்புறம் எவ்வளவு டிங்கரிங் செய்தாலும் நேராகாது.

பானெட்டின் கதை வேறு. மூக்கு, இரண்டு ஃபெண்டர், நடுப்பலகை எல்லாம் சேர்ந்து ஒரே மூடியாக முன்னால் சாய்ந்து திறக்கும். பல துண்டுகளைச் சேர்த்துச் செய்த அந்தப் பெரிய மூடியை ஒவ்வொரு காரிலும் வைத்துப் பார்த்துச் சரிக்கட்டித்தான் பொருத்தினார்கள். உடலின் இணைப்புகளில் ஈயத்தை உருக்கி நிரப்பி, அரத்தால் ராவினார்கள். எனவே ஒரு காரின் பானெட்டைக் கழற்றி இன்னொன்றில் வைத்தால் பெரும்பாலும் பொருந்தாது. இடப்பக்க இடைவெளி வலப்பக்கத்துக்குச் சமமாக இருக்காது. இது கையால் செய்த பொருளின் இயல்பு. இத்தாலியில் இன்னும் அதிகம். ஸ்காலியெட்டி பட்டறையில் ஃபெராரிகளுக்கு அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டிக் கண்ணளவில் வளைத்தார்கள். 250 ஜிடிஓவின் இரண்டு பக்கமும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்காது. அளவுகோலை வைத்துக் கண்டுபிடிக்கிறவருக்கு அது பிழை. எனக்கு அது தட்டிய ஆளின் கையெழுத்து.

ஆஸ்டன் டிபி4, டிபி5-இல் வேறு வகைச் சங்கடம். மெல்லிய எஃகுக் குழாய்க் கூட்டின் மேல் அலுமினியத் தோல். டூரிங் நிறுவனத்தின் சூப்பர்லெஜ்ஜேரா முறை. எடை குறைவு, ஆனால் இரு உலோகங்கள் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும்.

மெர்சிடஸ் 300 எஸ்எல் பற்றியும் கொஞ்சம். "ஜெர்மன்காரர்கள் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. 1954-இல் நியூயார்க்கில் அறிமுகமான அந்தக் கார், அன்று உலகின் மிக முன்னேறிய கார்களில் ஒன்று. நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினில் நேரடி எரிபொருள் ஊசியை (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) போட்டு விற்பனைக்கு வந்த முதல் கார். சட்டத்தை உறுதியாக்க இரண்டு பக்கமும் குழாய்களை உயர்த்தியதால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. அதனால்தான் இறக்கை போல மேலே திறக்கும் கதவு. உலகமே ரசிக்கும் அந்தக் கதவு ஒரு தடையிலிருந்து பிறந்தது. ஆனால் அந்தக் கதவில் கண்ணாடி இறங்காது. கோடையில் உள்ளே அவிந்துபோவார்கள்.

அதைவிடப் பெரிய குறை எரிபொருள் ஊசியில். எஞ்சினை அணைத்த பிறகும், அது சுற்றி நிற்கும்வரை பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருந்த ஆயிலைக் கழுவிக் கீழே இறக்கும். ஆயில் நீர்த்துப்போகும். பந்தயத்தை மனதில் வைத்துக் கொடுத்த பெரிய ஆயில் கொள்ளளவு சாதாரண ஓட்டத்தில் போதிய அளவு சூடாகவே ஆகாது, எனவே கலந்த பெட்ரோல் ஆவியாகவும் வழியில்லை. விளைவு, ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவருக்குச் சரியாக அமைந்த எஞ்சின், கடைவீதிக்குப் போகிறவரிடம் மாட்டிக்கொண்டது.

300 எஸ்எல்லின் பின் அச்சு ஊசல் வகை, அதாவது சக்கரம் மேலும் கீழும் போகும்போது அச்சும் சேர்ந்து சாயும். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால், பின்பக்கம் உயர்ந்து, சக்கரங்கள் உள்ளே மடங்கும். டயரின் ஓரம் மட்டும் தரையைப் பிடிக்கும். நொடியில் வால் வெளியே சுழலும். 1957-இல் வந்த ரோட்ஸ்டரில் அச்சு ஊசலாடும் புள்ளியைக் கீழே இறக்கிச் சரிசெய்தார்கள். இந்த ஊசல் அச்சு நமக்குத் தெரியாத ஒன்றும் இல்லை. மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் இருந்ததும் இதே வகைதான். அந்த ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கித்தான் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அங்கே 1970-இல் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி அந்தக் குணத்தை அடக்கினார்கள். இங்கே வாடிக்கையாளர்களும் மெக்கானிக்குகளும் அந்த அச்சை நம்பாததால், 1970-களில் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் சாதாரண நேர் அச்சுக்கே திரும்பினார்கள்.

அவசரத்தால் வந்த குறைக்கு லம்போர்கினி மியூராவைச் சொல்லலாம். 1966-இல் ஜெனீவாவுக்கு வந்தபோது அதைச் செய்த டல்லாரா, ஸ்டான்ஸானி, வடிவமைத்த கந்தினி எல்லோருக்கும் முப்பது வயதுகூட நிரம்பவில்லை. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்கே படுக்கவைத்து, கியர்பாக்ஸையும் அதே வார்ப்புக்குள் அடக்கினார்கள். இடம் மிச்சமானது, ஆனால் இரண்டுக்கும் ஒரே ஆயில். கியரில் உதிரும் உலோகத் துகள் எஞ்சின் பேரிங்குக்கும் போகும். கடைசி எஸ்வி கார்களில்தான் இரண்டையும் பிரித்தார்கள். பெட்ரோல் டேங்க் முன்பக்கம், எனவே டேங்க் காலியாகக் காலியாக மூக்கு லேசாகும், அதிவேகத்தில் ஸ்டியரிங் பிடி தளரும். கார்புரேட்டரில் வழியும் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் விழுந்து தீப்பிடித்த மியூராக்கள் பல. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் "அசல் தன்மை" பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பெட்ரோல் பாதையை இன்றைய முறைப்படி மாற்றாமல் மியூராவை ஓட்டவே கூடாது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இன்று உயர்ந்த செலவில் புதுப்பிக்கப்படும் ஈ-டைப்களில் இடைவெளிகள் நூல் பிடித்ததுபோல இருக்கின்றன. பெயின்ட் தண்ணீர்போல ஆழமாகத் தெரிகிறது. ஜாகுவார் தொழிற்சாலை இருந்த கவென்ட்ரியில் இருந்து அப்படி ஒரு கார்கூட வெளியே வந்ததில்லை. வேலைத்திறனை மெச்சுகிறேன். ஆனால் அதற்காக அசல் ஈயத்தை உருக்கி எடுத்து, பழைய தகட்டை வெட்டி எறிந்து, மூலையில் சாக்பீஸால் எழுதியிருந்த எண்ணைத் துடைத்துவிட்டால், அந்தக் கார் எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கான சாட்சியும் போய்விடுகிறது. மறுபடி கிடைக்காது.

எனவே நான் பிரித்துப் பார்ப்பது இப்படி. பிரேக், பெட்ரோல் குழாய், மின் வயர், துருத் தடுப்பு: இவற்றில் தயங்காமல் இன்றைய பொருளைப் போடுங்கள். ஓவர்ஹீட்டுக்கு முதலில் ரேடியேட்டரையும் எஞ்சின் தண்ணீர்ப் பாதையையும் முறையாகச் சுத்தம் செய்யுங்கள். பல கார்களில் அறுபது வருடச் சேறுதான் காரணம். அதற்கும் அடங்காவிட்டால் அலுமினிய ரேடியேட்டர், நல்ல விசிறி, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். முகப்பு வாயைத் தொடாதீர்கள். மோஸ் கியர்பாக்ஸ் பொறுக்கவில்லையென்றால் ஐந்து கியர் பெட்டி மாட்டலாம், ஆனால் உடலில் எதையும் வெட்டாமல் மாட்டக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். கழற்றிய பழைய பெட்டியை ஆயில் தடவிப் பத்திரப்படுத்தி, காரை விற்கும்போது கூடவே கொடுத்துவிடுங்கள். இரண்டு பக்க இடைவெளி அரை விரல்கடை வித்தியாசம் இருக்கிறதே என்று மனம் அலைந்தால், பட்டறைக்காரரிடம் பட்டி பூசச் சொல்வதற்கு முன் அது விபத்தால் வந்ததா, தொழிற்சாலையிலிருந்தே வந்ததா என்று பழைய படங்களையும் பெயின்டுக்கு அடியில் இருக்கும் ஈயத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். விபத்தால் என்றால் சரிசெய்யுங்கள். தொழிற்சாலையிலிருந்து என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.